மதிப்பெண், வருகை, அரியர்: சட்டக் கல்லூரியில் மாணவரின் நிலை

சட்டக் கல்லூரியில் ஒரு மாணவரின் நிலையை மூன்று கணக்குகள் தீர்மானிக்கின்றன. தாள்தோறும் எடுத்த மதிப்பெண் ஒன்று. பாடந்தோறும் பதிவான வருகை ஒன்று. தேறாமல் நிற்கும் தாள்கள், அதாவது அரியர், மற்றொன்று. மூன்றும் தனித்தனியே ஓடுபவை. 80 மதிப்பெண் எடுக்கக்கூடிய மாணவர் வருகை குறைந்து ஹால் டிக்கெட் கிடைக்காமல் நிற்கலாம். ஒரு வகுப்பும் தவறாதவர் ஒரே ஒரு அரியரால் பட்டம் வாங்க முடியாமல் போகலாம். வீட்டில் விசாரிப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணை மட்டும்தான். ஆனால் படிப்பில் ஓர் ஆண்டை விழுங்குபவை மற்ற இரண்டும்தான்.

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்திலிருந்து சட்டம் படிக்கப் போகும் மாணவருக்கு மிக அருகில் இருப்பது தருமபுரி அரசு சட்டக் கல்லூரி. 2017-18 கல்வியாண்டில் விழுப்புரம், இராமநாதபுரம் கல்லூரிகளோடு சேர்த்து இது தொடங்கப்பட்டது. அதற்கு முன் இந்தப் பகுதியினர் சேலம், வேலூர், கோவை, சென்னை என்று வெளியூர்தான் போக வேண்டியிருந்தது. இப்போதும் அப்படிப் போகிறவர்கள் உண்டு. எல்லை தாண்டிப் பெங்களூரில் சேர்பவர்களும் உண்டு. கல்லூரி எதுவானாலும் கீழ்க்காணும் அடிப்படை ஒன்றே.

விதிகளின் மூன்று அடுக்குகள்

சட்டப் படிப்பின் விதிகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. முதலிடம் இந்திய பார் கவுன்சிலுக்கு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் அது வகுத்த சட்டக் கல்வி விதிகள், 2008 நாடு முழுவதும் பொருந்தும். ஐந்தாண்டுப் படிப்பானால் 10 பருவம், மூன்றாண்டுப் படிப்பானால் 6 பருவம். கட்டாயப் பாடங்கள், செய்முறைத் தாள்கள், குறைந்தபட்ச வருகை ஆகியவற்றை இந்த விதிகளே வரையறுக்கின்றன. சேர்க்கைக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் இதில்தான் இருக்கிறது: பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40.

இரண்டாம் இடம் பல்கலைக்கழகத்துக்கு. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றவை. வினாத்தாள், தேர்ச்சி மதிப்பெண், தரப்புள்ளி, மறுமதிப்பீடு, வகுப்பு ஆகியவை பல்கலைக்கழகத்தின் தேர்வு ஒழுங்குமுறையில் இருக்கும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவை தமக்கென்று தனி ஒழுங்குமுறை வைத்திருக்கின்றன.

மூன்றாவது கல்லூரி. இன்டர்னல் தேர்வு நாள், வருகைப் பதிவு, வருகைக் குறைவைப் பொறுக்கக் கேட்கும் காண்டோனேஷன் மனுவுக்கான கெடு ஆகியவை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மேலடுக்கு விதியைக் கீழடுக்கு தளர்த்த முடியாது, கடுமையாக்கலாம். பார் கவுன்சில் கேட்பது 70 விழுக்காடு வருகை என்றால் ஒரு பல்கலைக்கழகம் 75 கேட்கலாம். 60 போதும் என்று சொல்ல முடியாது.

மாணவர் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருக்கும் ஒழுங்குமுறையே பொதுவாக அவருக்குப் பொருந்தும். மூத்த மாணவர் சொல்லும் தேர்ச்சி மதிப்பெண் வேறு ஒழுங்குமுறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே தமக்குரிய ஒழுங்குமுறையின் படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தாளும் மதிப்பெண்ணும்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தாளின் 100 மதிப்பெண் இரண்டாகப் பிரிகிறது: கல்லூரியே போடும் இன்டர்னல், பல்கலைக்கழகம் நடத்தும் பருவத் தேர்வு. 30-க்கு 70 என்பது பரவலாகக் காணும் பங்கீடு. இன்டர்னலில் உள்தேர்வு, கட்டுரை ஒப்படைப்பு, கருத்தரங்கப் பேச்சு ஆகியவை அடங்கும். பல ஒழுங்குமுறைகளில் தேர்ச்சிக்கு இரண்டு வரம்புகள் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் ஒரு குறைந்தபட்சம், பருவத் தேர்வில் தனியே ஒரு குறைந்தபட்சம். இன்டர்னலில் 28 எடுத்தவரும் பருவத் தேர்வின் வரம்பைத் தொடவில்லை என்றால் தேறியவர் ஆகமாட்டார்.

எனினும் இன்டர்னலை அலட்சியம் செய்யக் கூடாது. அரியர் தாளைத் திரும்ப எழுதும்போது பருவத் தேர்வுக்கு இன்னொரு வாய்ப்பு வரும். இன்டர்னலுக்கு அநேகமாக வராது. பழைய இன்டர்னல் மதிப்பெண் அப்படியே தொடரும். ஒப்படைப்பைக் கொடுக்காமல் விட்ட 10 மதிப்பெண், எத்தனை முறை எழுதினாலும் அந்தத் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

சட்டத் தேர்வில் கட்டுரை வினா, சிறுகுறிப்பு, சிக்கல் வினா என்று மூன்று வகை வினாக்கள் வழக்கம். பிளஸ் டூ வரை மனப்பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் முதல் பருவத்தில் இடறுவது மூன்றாவது வகையில். அதில் ஒரு நிகழ்ச்சி தரப்படும். அதற்குப் பொருந்தும் சட்டத்தைக் கண்டுபிடித்துப் பொருத்திக் காட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாப்பாரப்பட்டியைச் சேர்ந்த 17 வயது 'அ', தன் பங்கு நிலத்தை 'ஆ'விடம் அடமானம் வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்குகிறார். பிறகு அடமானம் செல்லாது என்று வழக்குத் தொடர்கிறார். 'ஆ'வுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? விடையில் நான்கு படிகள் இருக்க வேண்டும். முதலில் எழுவினா: இளவர் செய்த ஒப்பந்தம் செல்லுமா, பெற்ற பணத்தை அவர் திருப்பித் தர வேண்டுமா. அடுத்து சட்டம்: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவுகள் 10, 11, மோகரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு. மூன்றாவதாகப் பொருத்தம்: 18 நிறையாத 'அ' செய்த அடமானம் தொடக்கம் முதலே செல்லாதது, எனவே ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவைக் காட்டி 'ஆ' பணம் கேட்க முடியாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 33 நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரத்தையும் சொன்னால் விடை நிறைவு பெறும். கடைசியில் முடிவு. முடிவு மட்டும் சரியாக எழுதியவருக்குக் கிடைப்பது சொற்ப மதிப்பெண்தான். முடிவில் சற்றே பிசகினாலும் மற்ற மூன்று படிகளையும் ஒழுங்காக எழுதியவருக்குப் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

அரசு சட்டக் கல்லூரி மாணவர்களில் பலர் தமிழில் தேர்வெழுதுகின்றனர். அப்படி எழுதுவோர் சட்டப் பிரிவு எண்ணையும் வழக்கின் பெயரையும் பிழையின்றி எழுதப் பழக வேண்டும். திருத்துபவர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

செய்முறைத் தாள்கள்

பார் கவுன்சில் விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியுள்ளன: வரைவு-வழக்குரை-ஆவணம் எழுதுதல் (மூன்றும் ஒரே தாள்), தொழில் நெறி, மாற்றுமுறைத் தகராறு தீர்வு, மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும். உழைத்தவருக்கு மதிப்பெண் உறுதியாகக் கிடைக்கும் தாள்கள் இவை. ஏனோதானோவென்று விட்டால் கடைசி ஆண்டில் கழுத்தைப் பிடிப்பவையும் இவையே.

வரைவுத் தாளில் வழக்குரை வரைவுப் பயிற்சி 15, ஆவணப் பயிற்சி 15. பயிற்சிக்கு 3 மதிப்பெண் வீதம் இரண்டுக்கும் தலா 45. வாய்மொழித் தேர்வுக்கு 10. மூட் கோர்ட் தாளில் மூன்று பகுதிகளுக்குத் தலா 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. முதல் பகுதி ஆண்டுக்கு மூன்று மாதிரி வழக்குகளில் வாதிடுவது. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். எழுத்து வாதத்துக்கு 5, வாய் வாதத்துக்கு 5. இரண்டாம் பகுதி ஓர் உரிமையியல் வழக்கையும் ஒரு குற்றவியல் வழக்கையும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்துப் பதிவேடு எழுதுவது. மூன்றாம் பகுதி கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் விவரம் கேட்பதையும் மனு தயாராவதையும் கவனித்து எழுதுவது.

வழக்குக் கவனிப்புக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. சிறிய ஊர் நீதிமன்றமே இதற்கு வசதி. நிலத் தகராறு, உறுத்துக்கட்டளை வழக்கு, பாகப்பிரிவினை, காசோலை வழக்கு என்று சட்டப் புத்தகத்தின் அன்றாட முகம் அங்கேதான் தெரியும். ஒரே வழக்கைப் பல வாய்தாக்களுக்குத் தொடர்ந்து போய்ப் பார்க்க ஊரிலிருக்கும் மாணவருக்கே முடியும். பதிவேட்டில் எதிர்பார்க்கப்படுவதும் அதுதான்: எந்தத் தேதியில் எந்த நிலை, யார் விசாரிக்கப்பட்டார், என்ன ஆவணம் குறியீடு செய்யப்பட்டது. நண்பரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர் வாய்மொழித் தேர்வின் இரண்டாம் கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

இன்டர்ன்ஷிப்புக்கும் கணக்கு உண்டு. மூன்றாண்டுப் படிப்புக்கு மொத்தம் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. எனவே எல்லாவற்றையும் கடைசி ஆண்டில் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் செல்லாது.

கிரெடிட்டும் தரப்புள்ளியும்

பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 10 புள்ளித் தர அளவு இருக்கிறது. அதைப் பின்பற்றும் இடங்களில் அட்டவணை இப்படி அமையும்:

ஓ: 10
ஏ பிளஸ்: 9
ஏ: 8
பி பிளஸ்: 7
பி: 6
சி: 5
பி (P, வெறும் தேர்ச்சி): 4
எஃப் (தோல்வி): 0
தேர்வுக்கு வராதவர்: 0

எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தத் தரம் என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட் என்ற எடை உண்டு. தரப்புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாத் தாள்களுக்கும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவது அந்தப் பருவத்தின் சராசரி, எஸ்ஜிபிஏ. எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்து இதே முறையில் போடுவது சிஜிபிஏ.

ஒரு கற்பனைப் பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டம் 4 கிரெடிட், தரப்புள்ளி 8. அரசமைப்புச் சட்டம் 4 கிரெடிட், தரப்புள்ளி 7. தீங்கியல் சட்டம் 4 கிரெடிட், தரப்புள்ளி 6. சமூகவியல் 3 கிரெடிட், தரப்புள்ளி 10. ஆங்கிலம் 3 கிரெடிட், தரப்புள்ளி 9. பெருக்கினால் முறையே 32, 28, 24, 30, 27, கூட்டுத்தொகை 141. மொத்தக் கிரெடிட் 18. எஸ்ஜிபிஏ 7.83. ஐந்து தரப்புள்ளிகளையும் வெறுமனே கூட்டி 5-ஆல் வகுத்தால் 8 வரும்; மதிப்பெண் பட்டியலில் அது வராது. எடை கூடிய சட்டத் தாள்களில் புள்ளி குறைந்ததால் சராசரி இறங்குகிறது.

இதே மாணவர் தீங்கியல் தாளில் தோற்றிருந்தால் 24 போய் 0 வரும். கூட்டுத்தொகை 117, எஸ்ஜிபிஏ 6.5. ஒரு தாளின் தோல்வி ஒன்றேகால் புள்ளிக்கு மேல் இழுத்துவிடுகிறது. முதல் நிலைக்கே திரும்புவோம். அடுத்த பருவத்தில் 20 கிரெடிட்டுக்கு 6.5 எடுத்தால் கூட்டுத்தொகை 141-உம் 130-உம் சேர்ந்து 271. அதை 38-ஆல் வகுக்க, சிஜிபிஏ 7.13. கிரெடிட் சேரச் சேர ஒரு பருவத்தால் சிஜிபிஏவை நகர்த்துவது கடினமாகிவிடும். முதல் இரண்டு பருவங்களில் சரிந்ததைக் கடைசி இரண்டில் சரிக்கட்டலாம் என்ற கணக்கு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

சிஜிபிஏவை விழுக்காடாக மாற்றும் சூத்திரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 10-ஆல் பெருக்கிக்கொள்வது எல்லா இடத்திலும் சரியாகாது. விண்ணப்பங்களில் விழுக்காடு கேட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் மாற்றுச் சான்றைத்தான் வைக்க வேண்டும்.

வருகை

2008 விதிகளின் 12ஆம் விதி, ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுதலாம் என்கிறது. மூட் கோர்ட்டும் செய்முறைப் பயிற்சியும் இதில் அடங்கும். தவிர்க்க முடியாத காரணத்தால் குறைந்தால், அந்தப் பாடத்தில் குறைந்தது 65 விழுக்காடும், எல்லாப் பாடங்களும் சேர்ந்து 70 விழுக்காடும் இருக்கும் மாணவரைக் கல்லூரி முதல்வர் அனுமதிக்கலாம். காரணத்தைப் பதிவு செய்து, அப்படி அனுமதித்தவர்களின் பட்டியலைப் பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். காண்டோனேஷன் என்பது இதுதான். பணம் கட்டினால் கிடைக்கும் உரிமை என்று அதை எண்ணுவது தவறு.

விதியில் கவனிக்க வேண்டியது 'ஒவ்வொரு பாடத்திலும்' என்பது. பென்னாகரத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 30 கி.மீ. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்கு இரண்டு பேருந்து. பேருந்து தாமதமானால் போவது எப்போதும் முதல் வகுப்பு. வாரத்துக்கு 5 வகுப்பு வீதம் 15 வாரத்தில் ஒரு பாடத்துக்கு 75 வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 70 விழுக்காட்டுக்கு 53 வகுப்பு வேண்டும். 22 வகுப்பு வரை தவறலாம். அந்தப் பாடம் வாரத்தில் இரண்டு நாள் முதல் மணி நேரத்தில் வந்து, அந்த இரண்டும் தவறிக்கொண்டே இருந்தால் 30 வகுப்பு போய்விடும். மீதி 45, அதாவது 60 விழுக்காடு. மற்ற எல்லாப் பாடங்களிலும் 95 விழுக்காடு இருந்தாலும் இந்தப் பாடத்துக்குக் காண்டோனேஷனும் கிடையாது, ஏனெனில் 65-ஐத் தொடவில்லை. நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வந்த மாணவர் வருகைக் குறைவில் சிக்குவது இப்படித்தான். கால அட்டவணை வந்த அன்றே எந்தப் பாடம் முதல் மணியில் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து, ஒரு பேருந்து முன்னதாகப் புறப்படுவதா, விடுதியில் சேர்வதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உடல்நலக் குறைவுக்கான மருத்துவச் சான்றைத் திரும்பி வந்த உடனே கொடுக்க வேண்டும். பருவக் கடைசியில் கொடுக்கும் சான்றுக்கு மதிப்புக் குறைவு. மூட் போட்டி, விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றுக்குப் போகும் முன் எழுத்தில் அனுமதி வாங்கினால்தான் பணிநிமித்த வருகை பதிவாகும்.

2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவைக் காரணம் காட்டிச் சட்ட மாணவரைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்து, வருகை விதிகளை மறுஆய்வு செய்யும்படி பார் கவுன்சிலைக் கேட்டுக்கொண்டது. இதைக் கேள்விப்பட்டு வகுப்பைக் கைவிடுவது விவேகமல்ல. வழக்குப் போட்டு ஹால் டிக்கெட் வாங்கும் செலவும் அலைச்சலும் பேருந்துக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

ஓசூரிலோ பெங்களூரிலோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டே வேறு மாநிலக் கல்லூரியில் பெயரை மட்டும் பதிந்து வைப்பது இந்தப் பகுதியில் தெரிந்த வழக்கம். 'வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்' என்று சொல்லி இடம் தரும் லெட்டர்பேட் கல்லூரிகளை நீதிமன்றங்கள் கண்டித்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் தரும் முன் மாணவரின் வேலை, வருகை, ஒரே நேரத்தில் வேறு முறையான படிப்பு, குற்ற வழக்கு ஆகியவை பற்றி உறுதிமொழி வாங்கச் சொல்கிறது. பொய்யான உறுதிமொழி பட்டத்தையும் பதிவையும் பின்னாளில் ஆட்டங்காண வைக்கும். அஞ்சல் வழியில் படித்த எல்.எல்.பி. வழக்கறிஞர் பதிவுக்குச் செல்லாது.

அரியர்

தேறாத தாளும் எழுதாத தாளும் அரியர். அரியரோடு அடுத்த பருவத்துக்குப் போக விடுவது ஒரு முறை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அரியர் இருந்தால் அந்த ஆண்டிலேயே நிறுத்துவது இன்னொரு முறை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இரண்டாவது வகைக் கட்டுப்பாடு கூடுதலாகக் காணப்படும். முதல் முறையில் ஆண்டு வீணாகாது என்றாலும் சுமை ஏறும். ஐந்து புதுத் தாளோடு மூன்று அரியர் சேர்ந்தால் ஒரே மாதத்தில் எட்டுத் தேர்வு. அதில் புதிதாக இரண்டு அரியர் விழுவது இயல்பு. அரியர் மூன்றைத் தாண்டியவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிளியர் செய்ய முயலாமல், கிரெடிட் கூடியதையும் அடுத்த பாடத்துக்கு அடிப்படையானதையும் முதலில் முடிப்பது நல்லது.

வருகைக் குறைவால் பருவத்தை இழப்பது அரியரிலிருந்து வேறுபட்டது. அரியருக்குத் தேர்வு மட்டும் எழுதினால் போதும். வருகை போனவர் அந்தப் பருவத்தின் வகுப்புகளுக்கே மறுபடி போக வேண்டிவரும். பிரசவம், நோய், குடும்பச் சூழல் காரணமாக இடையில் நிற்பவர் எழுத்தில் தெரிவித்து பிரேக் ஆஃப் ஸ்டடி பதிவு செய்து, பிறகு மறுசேர்க்கை பெற வேண்டும். சொல்லாமல் நின்றவரின் பெயர் நீக்கப்பட்டால் திரும்பி வருவது கடினம். நடுவில் நின்றுவிட்டு வேறொரு கல்லூரியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நேரே நுழையவும் முடியாது. பக்கவாட்டுச் சேர்க்கையை 13ஆம் விதி தடை செய்கிறது.

பழைய அரியருக்குப் பாடத்திட்ட மாற்றம் என்ற ஆபத்தும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் ஆகியவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2024-25 முதல் பாடத்திட்டத்தில் இவற்றைச் சேர்க்கும்படி பார் கவுன்சில் பல்கலைக்கழகங்களை அறிவுறுத்தியது. பழைய சட்டத்தில் அரியர் வைத்திருப்பவர் எந்தச் சட்டத்தின்படி எழுத வேண்டும், எத்தனை முறைக்கு அந்த வாய்ப்பு என்பதைத் தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொலைக்கான தண்டனை பழைய சட்டத்தில் 302ஆம் பிரிவு, புதியதில் 103. எண் மாறினால் மதிப்பெண்ணும் போகும்.

மறுமதிப்பீடு

முடிவு வந்தபின் மூன்று வழிகள் இருக்கும்: மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு. மறுகூட்டலில் கூட்டல் பிழை மட்டுமே சரியாகும். எல்லாவற்றுக்கும் குறுகிய கெடு. அரசு அல்லது பல்கலைக்கழகத் தேர்வில் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேர்வருக்கு உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டப்படி பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடும். மறுமதிப்பீடு தானே கிடைக்கும் உரிமையும் அல்ல. ஒழுங்குமுறை இடம் தந்தால் மட்டுமே. முதலில் நகலை வாங்கி, பாடம் நடத்தும் ஆசிரியரிடம் காட்டி, தேர்ச்சி வரம்புக்குச் சில மதிப்பெண்ணே குறைவு என்ற நிலையில் விண்ணப்பிப்பது பலன் தரும். மறுமதிப்பீட்டின் முடிவு வரும்வரை அந்தத் தாளுக்கு அரியர் கட்டணத்தையும் கட்டி வைப்பது பாதுகாப்பு.

வகுப்பும் ரேங்கும்

இந்தியச் சட்டக் கல்லூரிகளில் மதிப்பீடு பெரும்பாலும் தனித்த அளவைப்படி நடக்கிறது. எழுதியதற்கு மதிப்பெண், பக்கத்து மாணவர் எவ்வளவு எடுத்தார் என்பது கணக்கில் வராது. 60 விழுக்காட்டுக்கு மேல் முதல் வகுப்பு என்பது பொதுவான வழக்கம். டிஸ்டிங்ஷன், பல்கலைக்கழக ரேங்க், பதக்கம் ஆகியவை வழக்கமாக எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியவருக்கு மட்டும். ஒரு அரியர் இருந்தாலே, பிறகு கிளியர் செய்தாலும், ரேங்க் பட்டியலில் இடமில்லாமல் போகலாம்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே பல சட்டப் பள்ளிகளில் வகுப்பின் சராசரி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். எல்லாரும் நன்றாக எழுதினாலும் சிலருக்கே உயர்தரம். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது முதலாண்டு ரேங்க் பெரிதும் பார்க்கப்படும். யேல் சட்டப் பள்ளி இந்தப் போட்டியைக் குறைக்க எழுத்துத் தரங்களைக் கைவிட்டு, சிறப்பு, தேர்ச்சி, குறைந்த தேர்ச்சி என்பது போன்ற சில நிலைகளை மட்டும் வைத்திருக்கிறது. வெளிநாட்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டு மாணவர், தம் விழுக்காட்டோடு வகுப்பில் தமது இடத்தையும் குறிக்கும் கல்லூரிச் சான்றை இணைத்தால் அங்குள்ளோருக்கு நிலை விளங்கும். இங்கே 62 விழுக்காடு என்பது நல்ல மதிப்பெண். தனியே பார்த்தால் அவர்களுக்கு அது தெரியாது.

நிலை எங்கே கேட்கப்படும்

வழக்கறிஞராகப் பதிவு செய்யத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம். எத்தனையாவது வகுப்பு என்பதைக் கேட்பதில்லை. பதிவுக் கட்டணம் சட்டத்தில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்.

பதிவு செய்தபின் தொடர்ந்து வழக்காடத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் 100 வினா. தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினரும் பிற பிற்படுத்தப்பட்டோரும் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினர் 40 விழுக்காடு எடுக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்த அரசமைப்பு அமர்வு, அதுவரையான தாள்கள் அனைத்திலும் தேறி இறுதிப் பருவத்தில் நுழைந்தவர்களையும் எழுத விடலாம் என்றது. அரியர் இல்லாதவருக்கு இதனால் பல மாதம் மிச்சம்.

மேற்படிப்பில் மதிப்பெண் பேசும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் எல்.எல்.எம். நுழைவுக்கான கிளாட் தேர்வு எழுதப் பொதுப் பிரிவினருக்கு எல்.எல்.பி.யில் 50 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45 விழுக்காடும் வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. எனவே பட்டம் ஓர் ஆண்டு தள்ளினால் நீதிபதித் தேர்வும் ஓர் ஆண்டு தள்ளும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் சட்டப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. மாத உதவி படிப்பு தொடர்வதைச் சார்ந்தது. பெயர் நீங்கினால் உதவியும் நிற்கும்.

பருவந்தோறும் பார்க்க வேண்டியவை

பருவத் தொடக்கம்: கால அட்டவணையில் முதல் மணிப் பாடங்கள், ஒவ்வொரு தாளின் கிரெடிட், இன்டர்னல் பங்கீடு, அரியர் தாளின் பாடத்திட்டம்.

ஐந்தாம் வாரம், பத்தாம் வாரம்: பாடவாரியாக வருகை விழுக்காடு. 75-க்குக் கீழ் இறங்கிய பாடத்தை அன்றே கவனிக்க வேண்டும்.

தேர்வுக்கு முன்: இன்டர்னல் மதிப்பெண் சரியாகப் பதிவாகியுள்ளதா, ரெக்கார்டில் ஆசிரியர் கையொப்பம், ஹால் டிக்கெட்டில் தாள்களின் பெயர், அரியர் உட்பட.

முடிவுக்குப் பின்: எஸ்ஜிபிஏவைத் தாமே போட்டுச் சரிபார்த்தல், விடைத்தாள் நகலுக்கான கெடு, விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கான சான்று.

இத்தனையும் ஒரு தாளில் அடங்கும். மதிப்பெண் குறைந்தவர் வழக்கறிஞர் ஆகலாம், நல்ல வழக்கறிஞராகவும் ஆகலாம். வருகை போனவரும் அரியரில் நிற்பவரும் அந்த வாசலுக்கு வரவே ஓராண்டு, ஈராண்டு பிந்துகிறார்கள். முதலில் காக்க வேண்டியது வருகை. அடுத்தது அரியர் விழாமல் பார்த்துக்கொள்வது. வகுப்பும் ரேங்கும் அவற்றின் பிறகுதான்.